இரண்டு வார ஓய்வு

மருத்துவர் சொன்னது இது: "இந்தப் பருவத்தில் இவர் இனி ஒரு பந்துகூட வீசக்கூடாது. வீசினால் முழங்கையின் நார் முழுவதுமாக அறுந்துவிடும்."

நான் கொரிய மொழியில் சொன்னது இது: "இரண்டு வாரம் ஓய்வு எடுத்தால் போதுமாம்."

வாய் தவறி அல்ல. மொழி விளங்காமல் அல்ல. தெரிந்தே சொன்னேன். அந்த மனிதனின் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்!

ஆறு வருடங்களாக இதை ஒருவருக்கும் சொல்லவில்லை. மனைவிக்குச் சொல்லவில்லை. பாதிரியாருக்கு... அதைப் பிறகு சொல்கிறேன். முகம் தெரியாத உங்களிடம் சொல்வது எனக்குச் சுலபமாக இருக்கிறது. அதுவும் ஒரு கோழைத்தனம்தான், அறிவேன்.

என் பெயர் சூசைதாசன். மன்னார்க்காரன். ஜேர்மனியில், ஹம் நகரத்தில் இருக்கிறேன். ஒரு களஞ்சியசாலையில் பெட்டி அடுக்கும் வேலை.

இங்கே வருவதற்கு முன் கொரியாவில் நாலு வருடமும் பத்து மாதமும் உழைத்தேன். பிளாஸ்டிக் வாளி வார்க்கும் தொழிற்சாலை. மொழி படிக்காதவனுக்கு அங்கே வாழ்வில்லை. ஆகவே படித்தேன். மேற்பார்வையாளரின் வசவுகளில் தொடங்கி, கடைசியில் தொலைக்காட்சி நாடகங்களைப் பார்த்து அழும் அளவுக்கு வந்தேன். ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பி, றெஜினாவைக் கலியாணம் செய்தேன். அவள் ஹம்மில் வளர்ந்தவள். இங்கே முதியோர் இல்லம் ஒன்றில் தாதி. அவள் கையைப் பிடித்துக்கொண்டு நானும் வந்துசேர்ந்தேன்.

ஹம்மில் கொரிய மொழியை வைத்து என்ன செய்வது? எவருக்கும் வேண்டாத ஒரு பொருளை மூளைக்குள் சுமந்து திரிந்தேன். ஜேர்மன் மொழியோ பல்லில் கல்லாகக் கடிபட்டது. களஞ்சியசாலையில் என்னைப் பெயர் சொல்லி அழைத்தவர் இல்லை. எல்லோருக்கும் நான் "கொல்லேகெ". வேலைத்தோழன் என்று அர்த்தம். பெயர் ஞாபகம் இல்லாதவர்களை எல்லாம் இங்கே அப்படித்தான் அழைப்பார்கள்.

இதை ஏன் சொல்கிறேன் என்று கேட்கிறீர்களா? பரிதாபம் தேடுகிறேனா? இல்லை... இந்த வெறுமையிலிருந்துதான் என் குற்றம் முளைத்தது. அதை மறைத்தால் மீண்டும் பொய் சொன்னவனாவேன்.

எங்கள் பிரிவின் மேற்பார்வையாளர் பிறிங்க்மன். பருத்த, நல்ல மனிதர். வார இறுதிகளில் அவர் ஒரு பேஸ்போல் கழகத்தின் பயிற்சியாளர். ஹம்மிலிருந்து பிராந்திய ரயிலில் இருபது நிமிடத் தூரத்தில் ஒரு சிற்றூர். அங்கே மக்காச்சோள வயல்களுக்கு நடுவே ஒரு மைதானம். கழகத்தின் பெயரை எழுதமாட்டேன். அவர்கள் ஒரு பிழையும் செய்யவில்லை.

ஒருநாள் அவர் என் அருகில் வந்து நின்றார்.

"நீ கொரியாவில் வேலை செய்தாய் அல்லவா? அந்த மொழி வருமா?"

"வரும்."

"கடவுளே! அப்படியானால் வா. எங்களிடம் ஒரு கொரியன் இருக்கிறான். எதைக் கேட்டாலும் முடியாது என்கிறான்!"

போய்ப் பார்த்தபோது விஷயம் விளங்கியது. எங்கள் பகுதி ஜேர்மன்காரர் 'இல்லை' என்பதை 'நே' என்று இழுப்பார்கள். கொரிய மொழியில் 'நே' என்றால் 'ஓம்'. நாலு நாட்களாக அந்த மனிதர் எல்லாவற்றுக்கும் பணிவோடு ஓம் ஓம் என்று தலைகுனிந்திருக்கிறார். இவர்கள் அவரைத் திமிர் பிடித்தவர் என்று நினைத்திருக்கிறார்கள்.

நான் விளக்கியதும் முழு அணியும் வெடித்துச் சிரித்தது. அவரும் சிரித்தார். பிறகு என் கையை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டார்.

அவரை ஜின்-மோ என்று அழைக்கிறேன். உண்மைப் பெயர் வேறு. அவர் என்னை 'ஹியோங்' என்று அழைத்தார். மூத்த சகோதரனைக் கொரியர்கள் அழைக்கும் சொல். என் காதில் அது எப்போதும் 'அண்ணை' என்றே விழுந்தது. அவர் பேசிய கொரிய மொழியை நான் இங்கே என் ஊர்த் தமிழிலேயே எழுதுகிறேன். எனக்கு அது அப்படித்தான் கேட்டது.

அப்போது அவருக்கு வயது முப்பத்தொன்று. இடக்கைப் பந்துவீச்சாளர். ஆனால் ஆட்டத்தைத் தொடங்குபவர் அல்ல, மாற்றாக வருபவர். இந்த விளையாட்டை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். முதல் பந்துவீச்சாளர் களைத்துவிட்ட பிறகு, எதிரணி தளங்களை நிரப்பி, தோல்வி வாசலில் நிற்கும் நேரத்தில் இவரைக் கூப்பிடுவார்கள். இரண்டரை மணி நேரம் வாங்கில் உட்கார்ந்திருந்தவர் ஓடிப்போய், பந்து வீசும் அந்த மண்மேட்டில் ஏறி, வேறொருவர் மூட்டிய தீயை அணைக்க வேண்டும். அணைத்தால் வெற்றி முதலாமவர் பெயரில் எழுதப்படும். அணைக்காவிட்டால் எல்லாக் கண்களும் இவர்மேல்.

"அண்ணை, என்ர வேலை மற்றவையின்ர பிழையத் துடைக்கிறது. அதுக்கும் ஒராள் வேணுந்தானே?" என்பார்.

உயர்தரப் பாடசாலை முடிந்த கையோடு ஒரு தொழில்முறை அணி அவரைத் தெரிவுசெய்தது. துறைமுகப் பட்டினத்திலிருந்த அவர் வீட்டுத் தெருவில் பதாகை கட்டினார்களாம். இராணுவ சேவையையும் சேர்த்து ஒன்பது வருடம் அந்த அணியில் இருந்தார். ஆனால் முதலாம் அணியின் சட்டையோடு மண்மேட்டில் ஏறியது பதினொரு தடவை மட்டுமே. மற்ற நாளெல்லாம் இரண்டாம் அணி. பார்வையாளர் இல்லாத மைதானம், பகல் வெயில், பழைய பேருந்து.

பிறகு ஒரு காலை அலுவலகத்துக்குக் கூப்பிட்டு, இனி வேண்டாம் என்றார்கள். தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிட்டது என்று சொன்னார். ஜப்பானில் ஒரு சிறு அணியில் இரண்டு வருடம் வீசினார். அங்கே பழகிய ஒருவரின் மூலமாகத்தான் இந்த மக்காச்சோள வயலுக்கு வந்தார். கழக மண்டபத்தின் மேல்மாடியில் ஓர் அறை. பகலில் புல் வெட்டுவதும் சிறுவர்களுக்குப் பந்து பிடிக்கப் பழக்குவதும். சனி, ஞாயிறு ஆட்டம்.

ஒன்றே ஒன்று அவரிடம் மீந்திருந்தது. கொரியாவில் பழைய அணித்தோழர் ஒருவர் இப்போது பயிற்சியாளர். "எங்கையாவது ஒரு பருவம் முழுசா, காயமில்லாம ஆடி முடி. ஒளிப்பதிவை அனுப்பு. உன்னை ஒருக்காப் பாக்க வைக்கிறன்" என்று அவர் சொல்லியிருந்தார். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் ஜின்-மோ ஒவ்வொரு காலையும் எழுந்தார்.

எங்கள் வீட்டுக்கு ஞாயிறு மாலைகளில் வருவார். றெஜினாவின் நண்டுக் குழம்பைக் குடித்துவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டே இன்னும் கேட்பார். "கொரியனுக்கே உறைப்பு எண்டால் என்னெண்டு நான் காட்டிப்போட்டன்" என்று அவள் பெருமைப்பட்டாள். என் மகளின் பொம்மைக்கு அவர் பழைய கையுறைத் தோலில் சின்னச் செருப்புத் தைத்துக் கொடுத்தார். இப்படிப்பட்ட மனிதர்!

இப்போது என்னைப் பற்றிய உண்மையைச் சொல்ல வேண்டும்.

கழகத்தினர் எனக்கு ஒரு மேற்சட்டை கொடுத்தார்கள். நீல நிறம். முதுகில் என் பெயர் ஜேர்மன் எழுத்துக்களில். அணியோடு வாங்கில் உட்காரும் உரிமை. பிறிங்க்மன் மண்மேட்டுக்கு நடக்கும்போது நானும் கூட நடப்பேன். முந்நூறு பேர் பார்த்திருக்க, வெட்டிய புல்லின்மீது, மைதானத்தின் நடுவுக்கு... நான்! இருவரும் என் வாயைப் பார்த்து நிற்பார்கள். நான் பேசாதவரை ஆட்டம் நகராது.

இறைச்சி சுடும் இடத்தில் ஆட்கள் "சூசை! சூசை!" என்று கூப்பிட்டார்கள். திங்கட்கிழமைகளில் களஞ்சியசாலையிலும் பெயர் சொல்லி அழைக்கத் தொடங்கினார்கள். முப்பத்தெட்டு வயதில், அந்நிய நாட்டில், நான் ஓர் ஆளானேன்.

இந்த இன்பத்தைப் பழித்துவிடாதீர்கள். இது பாவமில்லை. பாவம் பிறகுதான் வந்தது.

ஜூன் மாதம். ஒரு சனிக்கிழமை ஆட்டம் முடிந்த பின் ஜின்-மோ சட்டைப் பொத்தானைப் பூட்ட முடியாமல் நின்றார்.

"அண்ணை, சின்ன விரலும் பக்கத்து விரலும் விறைச்சுப் போய்க் கிடக்கு. முழங்கைக்குள்ள ஏதோ இழுக்குது. ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ."

நான் பிறிங்க்மனிடம் சொன்னேன். அவர் உடனே மருத்துவரிடம் அனுப்பினார். அவர் சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் அவர்மேல் ஒரு துளி பழியும் விழக்கூடாது. "அவன் இல்லாவிட்டால் நாங்கள் கீழ்ப்பிரிவுக்கு இறங்கிவிடுவோம், சூசை. ஆனால் கைதான் முக்கியம். மருத்துவர் என்ன சொல்கிறாரோ அதுதான்."

பிறகு, போகிற போக்கில் இதையும் சொன்னார்: "உன் நிரந்தர வேலைக்கு நான் மேலிடத்தில் பேசியிருக்கிறேன். இலையுதிர்காலத்தில் பார்ப்போம்."

இரண்டுக்கும் அவர் முடிச்சுப் போடவில்லை. நான்தான் போட்டேன்.

படம் எடுத்து, டெர்மினுக்கு, அதாவது மருத்துவர் குறித்துத் தரும் நேரத்துக்கு, காத்திருந்து, கடைசியில் மருத்துவரின் அறைக்குள் உட்கார்ந்தோம். நரைத்த, பொறுமையான மனிதர். எனக்காக நிறுத்தி நிறுத்திப் பேசினார். திரையில் படத்தைக் காட்டினார். எலும்போடு எலும்பைக் கட்டிவைத்திருக்கும் நார், பாதி கிழிந்திருக்கிறது. மூன்று மாதம் பந்தைத் தொடக்கூடாது. பிறகு பயிற்சி. பொறுமையாக இருந்தால் அறுவைச் சிகிச்சை இல்லாமலே அடுத்த வருடம் மறுபடியும் வீசலாம். இப்போது வீசினால் முழுவதும் அறும், நரம்பும் பாதிக்கப்படலாம், இந்த வயதில் அதன்பிறகு தொழில்முறை ஆட்டம் என்பது...

வாக்கியத்தை முடிக்காமல் கையை விரித்தார்.

"தயவுசெய்து இதை அப்படியே அவரிடம் சொல்லுங்கள்."

ஜின்-மோ என் பக்கம் திரும்பினார். இடக்கையை வலக்கையில் ஏந்தி, தூங்கும் குழந்தையைப் போல மடியில் வைத்திருந்தார்.

அந்த அறையில் இரண்டு மொழியும் தெரிந்தவன் நான் ஒருவனே.

அந்த ஒரு கணத்தில் என் தலைக்குள் என்ன ஓடியது? ஆறு வருடமாக என்னை நானே கேட்டு வருகிறேன். நிரந்தர வேலை ஓடியது, உண்மை. அவருடைய கொரிய வாய்ப்பு பறிபோய்விடுமே என்ற இரக்கமும் ஓடியது என்று பல காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய்! இரக்கமுள்ளவன் உண்மையைச் சொல்லிவிட்டு அவரோடு சேர்ந்து அழுதிருப்பான்.

உண்மையில் ஓடியது வேறு. இவர் ஊர் திரும்பிவிடுவார். நான் அந்த நீலச் சட்டையைக் கழற்ற வேண்டும். மறுபடியும் 'கொல்லேகெ' ஆகிவிடுவேன்.

இவ்வளவுதான். இவ்வளவு அற்பமான காரணத்துக்காக!

"இரண்டு வாரம் ஓய்வு எடுத்தால் போதுமாம்," என்றேன். "கொஞ்சம் வீக்கம். பிறகு பார்த்துக் கவனமாக வீசலாமாம்."

ஜின்-மோவின் தோள்கள் தளர்ந்து இறங்கின. கண்களை மூடித் திறந்தார். மருத்துவருக்கு இருந்தபடியே தலைகுனிந்து நன்றி சொன்னார்.

மருத்துவர் என்னைப் பார்த்தார். அவர் பேசியது நீண்ட நேரம். நான் பேசியது மூன்றே வாக்கியம்.

"அவ்வளவுதானா?"

"கொரிய மொழி சுருக்கமானது," என்றேன்.

அவர் புன்னகைத்தார். "பாராட்டுகிறேன். இந்தச் செய்தியை இவ்வளவு அமைதியாக ஏற்றுக்கொண்டவர்கள் குறைவு."

கைபேசியில் மொழிபெயர்க்கும் வசதி இருக்கிறதே, அவர் பார்த்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். இருந்தது. மருத்துவரின் கடிதத்தை ஒரு படம் எடுத்திருந்தால் எல்லாம் தெரிந்திருக்கும். ஆனால் அவர் அந்தக் கடித உறையைப் பிரிக்காமலே என்னிடம் நீட்டினார். "நீங்களே வைச்சிருங்கோ அண்ணை. நான் துலைச்சுப் போடுவன்." பக்கத்தில் நான் இருந்தேனே! அவருக்கு இயந்திரம் எதற்கு?

ரயில் நிலையத்துக் குப்பைத்தொட்டியில், நாலாகக் கிழித்து, அதைப் போட்டேன்.

பிறிங்க்மனிடமும் இரண்டு வாரம் என்றே சொன்னேன். அவர் என்னைக் கட்டிப்பிடித்தார்.

இரண்டு வாரங்களின் பின் ஜின்-மோ திரும்பி வந்தார். மூன்று ஆட்டங்களில் வீசினார். நன்றாகவே வீசினார். விரல் விறைப்புக் குறைந்துவிட்டது என்றார். பாருங்கள் என் மனத்தின் தந்திரத்தை... மருத்துவர்தான் மிகைப்படுத்திவிட்டார் என்று நம்பத் தொடங்கினேன்! நான் ஒரு மனிதனின் வாழ்வைக் காப்பாற்றியவன் என்றுகூட ஒரு மாலை, ரயிலில், ஜன்னலோரம் இருந்து நினைத்துக்கொண்டேன்.

ஓகஸ்ட் மாதம். பிரிவில் நிலைப்பதா இறங்குவதா என்று தீர்மானிக்கும் ஆட்டம். றெஜினாவும் மகளும் வந்திருந்தார்கள். கடைசிச் சுற்று. நாங்கள் ஒரு புள்ளி முன்னால். எதிரணியின் இருவர் தளங்களில் நின்றார்கள். பிறிங்க்மன் கையை உயர்த்தினார். ஜின்-மோ வாங்கிலிருந்து எழுந்து ஓடினார். நாங்கள் இருவரும் பின்னால் நடந்தோம்.

"கை எப்படி என்று கேள்," என்றார் பிறிங்க்மன்.

கேட்டேன்.

ஜின்-மோ பிறிங்க்மனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"காலமையில இருந்து திரும்பவும் விறைக்குது அண்ணை. ஆனா டொக்டர் ரெண்டு கிழமை எண்டுதானே சொன்னவர்? அதுக்குப் பிறகு எறிஞ்சால் ஒண்டும் நடக்காது எண்டுதானே?"

இப்படி ஒரு வாசலைக் கடவுள் எத்தனை பேருக்கு இரண்டாம் தடவை திறந்துவிடுகிறார்! ஒரு சொல் போதும். இல்லை என்ற ஒரே சொல். வெயில் என் பிடரியில் அடித்தது. நடுவர் எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தார். முந்நூறு பேரும் என் வாயைப் பார்த்திருந்தார்கள்.

"ஓம்," என்றேன். பிறகு பிறிங்க்மனிடம் ஜேர்மன் மொழியில், "கை நன்றாக இருக்கிறதாம்," என்றேன்.

நாலு பந்துகள் வீசினார். ஐந்தாவது பந்தில் அந்தச் சத்தம் கேட்டது.

ஈரத்துணியை உதறியது போன்ற சத்தம். வாங்கில் இருந்த எனக்கே கேட்டது. பந்து துடுப்பாட்டக்காரரின் பக்கமே போகவில்லை. வேலியில் போய் மோதியது. தளங்களில் நின்ற இருவரும் ஓடி முடித்தார்கள். தோற்றோம்.

ஜின்-மோ விழவில்லை. கத்தவும் இல்லை. தலையிலிருந்து விழுந்த தொப்பியைக் குனிந்து எடுத்தார். இடக்கை உடம்போடு ஒட்டாத ஒரு பொருளாகத் தொங்கியது.

நான் அவரிடம் ஓடினேன். அவர் உதடுகள் வெள்ளையாக இருந்தன.

"அண்ணை, அவையிட்ட மன்னிப்புக் கேட்டுச் சொல்லுங்கோ," என்றார்.

மறுவாரம் கழக மண்டபத்தில் எல்லோரும் கூடினார்கள். அவரை வழியனுப்ப. கையில் கட்டோடு அவர் முன்னால் வந்து, இடுப்பு வரை வளைந்து வணங்கி, நெடுநேரம் நிமிராமல் நின்றார். பிறகு பேசினார். நான் பக்கத்தில் நின்று ஒவ்வொரு வாக்கியமாக ஜேர்மன் மொழியில் சொன்னேன்.

"நீங்கள் என்னை நம்பி அழைத்தீர்கள். என் உடம்பை நான் சரியாகப் பேணவில்லை. மருத்துவர் அனுமதி தந்தும், அவசரப்பட்டு, அளவுக்கு மிஞ்சிப் பலத்தைப் பிரயோகித்தேன். உங்கள் தோல்விக்கு நானே காரணம். என்னை மன்னியுங்கள்."

என் வாழ்நாளில் நான் செய்த மிகச் சரியான மொழிபெயர்ப்பு அது. ஒரு சொல்லைக் கூட்டவில்லை. ஒரு சொல்லைக் குறைக்கவில்லை. என் குற்றத்துக்கு அவர் கேட்ட மன்னிப்பை, பிழையில்லாத இலக்கணத்தோடு, என் வாயாலேயே சொன்னேன்!

பிறிங்க்மன் அழுதார். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். சிலர் என் தோளிலும் தட்டினார்கள்.

அந்தக் குளிர்காலத்தில் வேறொரு கழகம் ஆள் போதாமல் பிரிவிலிருந்து விலகிக்கொண்டது. எங்கள் அணி இறங்கவே இல்லை. அந்த ஆட்டத்தில் அவர் வீசியிருக்கவே தேவையில்லை... இதை அறிந்த நாளில் நான் களஞ்சியசாலைக் கழிப்பறையில் கதவைப் பூட்டிக்கொண்டு நின்றேன். சிரித்தேனா, அழுதேனா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.

நிரந்தர வேலை கிடைத்தது. அந்த வேலையில்தான் இன்றும் இருக்கிறேன்.

ஜின்-மோவுக்குக் கொரியாவில் அறுவைச் சிகிச்சை நடந்தது. நார் பிழைத்தது, நரம்பு பிழைக்கவில்லை. இரண்டு விரல்களும் உணர்வில்லாமலே நின்றுவிட்டன. பந்தின் தையலை உணராத விரல்களால் பந்து வீச முடியாது. இப்போது ஒரு சிறுவர் பேஸ்போல் கழகத்தின் வான் வண்டியை ஓட்டுகிறார். ஒவ்வொரு புத்தாண்டுக்கும் என்னை அழைப்பார். "அண்ணை, சுகமா இருக்கிறியளோ? அண்ணி எப்பிடி? பிள்ளை வளந்திட்டாளோ?" ஒரு தடவைகூட நான் முதலில் அழைத்ததில்லை.

பாதிரியாரிடம் சொன்னேனா என்று கேட்பீர்கள். இங்கே கெவலார் என்ற ஊரில் நடக்கும் மாதா திருவிழாவுக்கு நாங்கள் தமிழர்கள் எல்லாம் போவோம். அங்கே ஒரு வருடம் பாவசங்கீர்த்தன வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும் முழந்தாளிட்டேன்.

"சுவாமி, பொய் சொன்னேன்," என்றேன்.

அவர் காத்திருந்தார். எனக்குப் பின்னால் நீண்ட வரிசை. நான் அதற்கு மேல் பேசவில்லை. மூன்று முறை 'அருள் நிறைந்த மரியே' செபம் சொல்லச் சொன்னார். சொன்னேன். வெளியே வந்து றெஜினாவோடு உருளைக்கிழங்குப் பொரியல் சாப்பிட்டேன். அது மன்னிப்பா? அந்தச் சாமிக்கு நான் எதைக் கொடுத்தேன், அவர் எதை மன்னிக்க?

கடந்த மே மாதம் ஜின்-மோ வந்தார். மனைவியோடு. அவள் பெயர் மி-ரான். கலியாணமாகி மூன்று வருடம். ஐரோப்பாவைச் சுற்றிப் பார்க்க வந்தவர்கள், எங்களுக்காக இரண்டு நாள் ஒதுக்கியிருந்தார்கள்.

றெஜினா வீட்டையே தலைகீழாக்கிச் சமைத்தாள். சாப்பாட்டின் நடுவே என்னைக் குசினிக்குள் இழுத்தாள்.

"என்னப்பா, இவ்வளவு தூரம் தேடி வந்த பிள்ளையளுக்கு முன்னால மூஞ்சையை இப்பிடி வைச்சிருக்கிறியள்? அவன் உங்களைத் தன்ர கூடப்பிறந்தவன் மாதிரி நினைக்கிறான்."

"தலையிடி," என்றேன். மூன்றாவது பொய்யோ, முந்நூறாவது பொய்யோ.

மறுநாள் அவர்கள் வாடகைக்கு எடுத்த காரில் மூவரும் மைதானத்துக்குப் போனோம். ஆட்டம் இல்லாத நாள். ஜின்-மோ அவளை மண்மேட்டுக்குக் கூட்டிப்போனார். எங்கே நின்றார், எந்தத் திசையில் பார்த்தார் என்று எல்லாவற்றையும் காட்டினார். வாங்கில் என் இடத்தைக்கூடக் காட்டினார்.

"இஞ்சை எனக்கு வாயும் காதும் அண்ணைதான்," என்று அவளிடம் சொன்னார்.

அவள் என் பக்கம் திரும்பினாள். மெலிந்த, நேராகப் பார்க்கும் பெண்.

"ஒண்டு கேக்கலாமோ? இஞ்சத்தை டொக்டர் ரெண்டு கிழமை ஓய்வு காணும் எண்டு சொன்னவராம். தான்தான் கூடப் பலமா எறிஞ்சு கையைக் கெடுத்ததாம். எப்பவும் இதைத்தான் சொல்லுறார். ஆனா எங்கட டொக்டர்மார், அப்பிடி இருந்த கைக்கு ரெண்டு கிழமை எண்டு ஒருத்தரும் சொல்லியிருக்க மாட்டினம் எண்டு சொல்லுகினம். அந்த டொக்டர் உண்மையில என்ன சொன்னவர்?"

ஜின்-மோ சிரித்தபடி இடைமறித்தார். "விடு. அண்ணை என்ன செய்வார்? அவர் கேட்டதைத்தானே எனக்குச் சொன்னவர்."

மூன்றாம் தடவையும் அந்த வாசல் திறந்தது. கூட்டம் இல்லை. நடுவர் இல்லை. பறிபோக வேலை இல்லை, சட்டை இல்லை. நான் நேசித்த ஒரு மனிதனும் அவன் மனைவியும், சுற்றிலும் கணுக்கால் உயரச் சோளப்பயிரும் மட்டும். உண்மையைச் சொல்வதற்கு உலகத்தில் இதைவிடச் சுலபமான இடம் எது?

இப்போது எனக்குப் பறிபோக இருந்தது ஒன்றுதான். அவர் என்னை அண்ணை என்று அழைப்பது.

"டொக்டர் அப்பிடித்தான் சொன்னவர்," என்றேன். "ரெண்டு கிழமை எண்டு. எனக்கும் அப்பவே அது பிழையாத்தான் பட்டது."

ஆம்... அந்த இரண்டாம் வாக்கியத்தையும் சொன்னேன். யாரும் கேட்கவில்லை. நானாகச் சேர்த்தேன். நிறுத்தி நிறுத்திப் பேசிய அந்தப் பொறுமையான மனிதரின் தலையில் என் பாவத்தை இறக்கினேன். இதைப் படிக்கும் நீங்கள், அவருடைய பெயர் உங்களுக்குத் தெரியாவிட்டாலும், அவர் குற்றமற்றவர் என்பதை நினைவில் வைத்திருங்கள். நான் செய்யக்கூடிய நீதி இவ்வளவுதான்.

மி-ரான் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள். பிறகு கைகளை முன்னால் சேர்த்து வணங்கினாள்.

"மன்னியுங்கோ. உங்களிட்ட இதைக் கேட்டிருக்கக் கூடாது."

கொரிய வழக்கப்படி நானும் குனிந்தேன். அவளைவிடத் தாழ்வாகக் குனிந்தேன்.

நிமிர்ந்தபோது ஜின்-மோ முன்னால் ஓடிப்போய், எனக்காகக் காரின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். வலக்கையால். இடக்கை சட்டைப்பைக்குள் இருந்தது.

"வாங்கோ அண்ணை," என்றார்.

நான் ஏறி உட்கார்ந்தேன்.